முடிவுத் திகதி இல்லாத விரதம்

சிகரட்டை விடவே முடியாது என்று அடித்துச் சொல்கிறவர்களில் பலர், எங்கள் கிழக்கிலங்கைப் பகுதியில் ஆண்டுதோறும் சில நாள்களுக்கு அதை முணுமுணுக்காமல் விட்டுவிடுகிறார்கள். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் தீ மிதிப்பதற்கு நேர்ந்துகொண்ட பொடியன்மார் விரத நாள்கள் முழுவதும் மச்சமும் மதுவும் சிகரட்டும் இல்லாமல் கோயிலே கதியென்று கிடப்பார்கள். உகந்தையில் கும்பிட்டுவிட்டுக் காட்டுவழியே கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்களிலும் அப்படியானவர்கள் உண்டு. கல்முனையில் என்னோடு வேலை செய்த மேசன் காக்கா ஒருவர் (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்), சாதாரண நாள்களில் இரண்டு வரிசை கல் வைப்பதற்குள் ஒரு சிகரட்டை முடித்துவிடுவார். அதே மனிதர் ரமழான் மாதத்தில், விடிவதற்கு முன்பிருந்து பொழுது படும்வரை, பதின்மூன்று மணித்தியாலத்துக்கும் மேலாகத் தண்ணீர்கூட இல்லாமல் வெயிலில் நின்று சுவர் கட்டுவார். மஃரிப் பாங்கு சொல்லி, பேரீச்சம்பழமும் கஞ்சியும் உள்ளே போன பிறகுதான் அவருடைய கை சட்டைப்பையைத் தேடும்.

"பகலில கஷ்டமா இல்லையா காக்கா?" என்று ஒருநாள் கேட்டேன். "பகலில நினைப்பே வாறல்ல தம்பி, அஸர் தொழுத பொறகுதான் தலை இடிக்கத் தொடங்கும்" என்றார். அஸர் என்பது பின்னேரத் தொழுகை.

அந்தப் பதில் என்னை நீண்ட நாள் யோசிக்க வைத்தது. இரத்தத்தில் உள்ள நிக்கொட்டின் பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் போதும். உடலின் கணக்கு மட்டுமே விடயமென்றால் அவருக்குக் காலை பத்து மணிக்கே இருப்புக்கொள்ளாமல் போயிருக்க வேண்டும். பின்னர் வாசித்ததில், 2010 இல் வெளியான ஓர் ஆய்வு கிடைத்தது. இஸ்ரேலிய ஆய்வாளர்கள், புகைக்கும் பழக்கமுள்ள விமானப் பணியாளர்களைக் குறுகிய பயணங்களிலும் நீண்ட பயணங்களிலும் கவனித்திருந்தார்கள். கடைசியாகப் புகைத்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைவிட, விமானம் தரையிறங்க இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதையொட்டியே அவர்களுடைய ஏக்கம் கூடியும் குறைந்தும் இருந்தது. காக்கா சொன்னதும் அதுதான். அனுமதி இல்லாத நேரத்தில் மனம் கேட்பதில்லை. அனுமதி நெருங்க நெருங்கக் கேட்கத் தொடங்குகிறது. ஆகவே விரதகாரரால் ஒரேயடியாக நிறுத்த முடிகிறது, அதே காரணத்தால் விரதம் முடிந்த அன்றே மீண்டும் தொடங்கவும் முடிகிறது. முடிவுத் திகதி இல்லாமல் ஒரு விரதத்தை வைத்துக்கொள்ள முடியுமா என்பதுதான் நான் எனக்குள் போட்டுப் பார்த்த கேள்வி.

நான் புகைக்கத் தொடங்கியது வந்தாறுமூலையில் படிக்கிற காலத்தில். அதில் சொல்லத்தக்க கதை எதுவும் இல்லை. விடுதியில் எல்லோரும் தொடங்குகிற விதமாகவே தொடங்கினேன். படிப்பு முடிந்து, கட்டட வேலைத்தளங்களில் மேற்பார்வைக்குப் போகத் தொடங்கியபோது அது தேநீர் இடைவேளையின் பகுதியாயிற்று. முப்பது வயதாவதற்கு முன்னர் விட்டுவிட வேண்டும் என்று நான் நினைத்ததற்கு ஓர் ஆய்வே காரணம். பிரித்தானிய வைத்தியர்களை 1951 இலிருந்து ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, ரிச்சர்ட் டொல் என்பவரும் அவருடைய குழுவினரும் 2004 இல் வெளியிட்ட முடிவு அது: வாழ்நாள் முழுவதும் புகைத்தவர்கள் புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாக இறந்தார்கள், முப்பது வயதளவில் நிறுத்தியவர்கள் அந்த இழப்பில் ஏறக்குறைய முழுவதையும் தவிர்த்துக்கொண்டார்கள். நாற்பதில் நிறுத்தினாலும் ஐம்பதில் நிறுத்தினாலும் பயன் உண்டு, ஆனால் வயது ஏற ஏறத் திரும்பக் கிடைக்கும் ஆண்டுகள் குறைந்துகொண்டே போகின்றன. பயமுறுத்துகிற படங்கள் செய்யாத வேலையை அந்தக் கணக்கு என்னிடம் செய்தது.

படங்கள் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இலங்கையில் 2015 முதல் சிகரட் பெட்டியின் 80 வீதப் பரப்பில் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் பக்கத்தில் சம்பளக்காரப் பொடியன்மார் பலர் பெட்டியை வாங்குவதே இல்லை. கடையில் ஒவ்வொன்றாக வாங்குகிறோம். பெட்டி கடைக்காரரின் மேசைக்குக் கீழே இருக்கிறது, எங்கள் கைக்கு வருவது வெறும் வெள்ளைக் குச்சி. அழுகிய பல்லின் படத்தை நாள் முழுவதும் பார்க்கிறவர் கடைக்காரர்தான். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக்கூடாது என்று 2006 ஆம் ஆண்டின் சட்டம் சொன்னாலும், மேசைக்குக் கீழிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிற வியாபாரத்தில் வயதைக் கேட்பவரை நான் அதிகம் கண்டதில்லை.

இதனால் வெளிநாட்டு ஆலோசனைகளில் முதலாவதாக வருகிற "வீட்டிலுள்ள சிகரட்டையும் சாம்பல் கிண்ணத்தையும் வீசிவிடுங்கள்" என்பது எங்களுக்குப் பொருந்துவதில்லை. என் வீட்டில் வீசுவதற்கு எதுவும் இருக்கவில்லை. என்னுடைய பெட்டி, சந்தியிலுள்ள கடையில் இருந்தது. என்னுடைய தீப்பெட்டி அந்தக் கடை வாசல் கம்பத்தில் நூலில் கட்டித் தொங்கிய லைட்டர். அந்த நூல் பலருடைய கை பட்டுக் கறுத்து, லைட்டரின் கழுத்தில் இரப்பர் வளையத்தால் இறுக்கப்பட்டிருக்கும்; பற்ற வைப்பதற்குத் தலையைச் சற்றே சரிக்க வேண்டும், ஏனெனில் நூல் எப்போதும் கொஞ்சம் கட்டையாகவே இருக்கும். அந்தத் தலைசரிப்பு என் உடம்பில் ஊறியிருந்தது என்பது, விட்ட பிறகு வெறும் வாயோடு அந்தக் கம்பத்தடியில் நின்றபோது என் கழுத்து தானாகச் சரிந்ததில்தான் தெரிந்தது. ஆகவே வீசிவிட வேண்டியது ஒரு பொருளை அல்ல, ஓர் இடத்தையும் ஒரு நேரத்தையும் என்று விளங்கிக்கொண்டேன்.

கடைக்கார மாமாவிடம் நேரே போய்ச் சொன்னேன். இனி நான் கேட்டாலும் தர வேண்டாம் என்றதும், "என்ன மனே, பொம்பிளை பாத்தாச்சா?" என்று சிரித்தார். அப்படி ஒன்றும் இல்லை, சும்மாதான் என்றேன். "நீ காசைத் தந்தா நான் எப்பிடி மனே இல்லையெண்டுற? யாவாரம் இது" என்று அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம்: கடன் கொப்பியில் இருந்த என் கணக்கை அன்றே தீர்த்து, அந்தப் பக்கத்துக்குக் குறுக்காகக் கோடு இழுத்துவிட வேண்டும்; இனிமேல் எனக்குச் சிகரட் கடனுக்கு இல்லை. அது சின்ன விடயமாகத் தெரியலாம். ஆனால் மாதக் கடைசியில் சட்டைப்பையில் காசில்லாத மாலை நேரங்கள்தான் எனக்கு மிகவும் ஆபத்தானவை, அந்த நேரங்களில் கொப்பி மூடியிருந்தது பேருதவியாயிற்று. ஒவ்வொன்றாக வாங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: கடனை அடைத்துக் கணக்கை மூடுங்கள், மூடும்போது காரணத்தையும் சொல்லுங்கள்.

கொஞ்சங் கொஞ்சமாகக் குறைத்து விடலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். காரைதீவில் உள்ள என் நண்பன் அந்த வழியில்தான் போனான். நாளொன்றுக்கு இத்தனை என்று எண்ணிக்கை வைத்தான். எண்ணிக்கை இறங்க இறங்க மிஞ்சிய ஒவ்வொன்றும் அவனுக்குப் பெறுமதியாயிற்று, பகல் முழுவதும் அடுத்ததற்கான நேரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நோன்பு திறக்கும் நேரத்தை நாளுக்குப் பல தடவை வைத்துக்கொண்டவனின் நிலை அது. 2016 இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ எழுநூறு பேரை வைத்துச் செய்த ஆய்வொன்றில், குறித்த நாளில் ஒரேயடியாக நிறுத்தியவர்களில் 49 வீதத்தினரும், இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியவர்களில் 39 வீதத்தினரும் நான்கு வாரங்களின் பின்னர் புகைக்காமல் இருந்தார்கள். அந்த இரு பிரிவினருக்கும் தோலில் ஒட்டிக்கொள்ளும் நிக்கொட்டின் ஒட்டுகளும் தாதியரின் ஆலோசனையும் கிடைத்தன என்பதை மறைக்கக்கூடாது. எந்தத் துணையும் இல்லாமல், மன உறுதியை மட்டும் நம்பி நிறுத்துகிறவர்களில் ஓராண்டு தாண்டுகிறவர்கள் நூற்றுக்கு ஐந்து பேரளவில்தான் என்று ஆய்வுகள் சொல்கின்றன. "ஒரேயடியாக" என்பது நல்ல வழிதான். "ஒன்றுமில்லாமல்" என்பது வேறு விடயம்.

நாளைத் தெரிவு செய்வதில் நான் கவனமாக இருந்தேன். சித்திரை வருடப்பிறப்பையும் பிறந்தநாளையும் ஒதுக்கிவைத்தேன், ஏனென்றால் சிறப்பு நாளில் தொடங்குவது சிறப்பு நாளோடு முடிந்துவிடும். கோயில் விரதத்தையும் சேர்க்கவில்லை, அதற்கு முடிவு நாள் உண்டு. பதிலாக, சிலாப் கொங்கிறீட் போடுகிற வாரத்தைப் பிடித்துக்கொண்டேன். கொங்கிறீட் நாளில் கலவை இயந்திரம் விடியவே சத்தம்போடத் தொடங்கிவிடும், நடுவில் நிறுத்த முடியாது, கைகள் இரண்டும் சீமெந்து பூசிக்கிடக்கும், தேநீரைக்கூட யாராவது வாயில் ஊற்றிவிட்டால்தான் உண்டு. அந்தக் கையால் சிகரட்டைப் பிடிக்கவும் முடியாது. கையும் கண்ணும் ஓயாமல் இயங்குகிற வாரம் ஒவ்வொரு தொழிலிலும் இருக்கும். அறுவடைக் காலத்து வட்டைக்காரருக்கும் அது உண்டு, பரீட்சை முடிந்து சும்மா இருக்கிற மாணவருக்கு அது இல்லை. சும்மா இருக்கிற வாரத்தில் தொடங்க வேண்டாம் என்பேன்.

உடல் பட்ட பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிறுத்தி ஓரிரு நாளில் இரத்தத்திலுள்ள காபனோரொட்சைட்டு வழமையான அளவுக்கு இறங்கிவிடும். நிக்கொட்டினும் இரண்டு மூன்று நாளில் போய்விடும். தொல்லை உச்சத்துக்கு ஏறுவதும் அதே முதல் சில நாள்களில்தான். எனக்கு எரிச்சல், கவனமின்மை, காரணமில்லாத துக்கம், ராத்திரியில் தெளிவான விசித்திரக் கனவுகள் எல்லாம் வந்தன. சிலருக்கு வாய்ப்புண்ணும் மலச்சிக்கலும் வரும். பப்பாசிப்பழமும் தண்ணீரும் எனக்குப் போதுமாக இருந்தன. இருமல் குறையும் என்று எதிர்பார்த்தேன், முதலில் கூடியது. சுவாசக்குழாயிலுள்ள நுண்ணிய மயிர்கள் மீண்டும் வேலை செய்யத் தொடங்கிச் சளியைத் தள்ளுவதால் அப்படி நேரலாம். ஏக்கம் எழுந்தால் கைத்தொலைபேசியில் நேரத்தைப் பார்ப்பேன். தாங்கவே முடியாது என்று தோன்றுகிற ஓர் ஏக்கம் பெரும்பாலும் ஐந்து, பத்து நிமிடத்துக்குள் தணிந்துவிடும். அதற்குள் ஒரு கராம்பைக் கடித்தபடி வேலைத்தளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடலாம். தணிந்தது திரும்ப வராது என்று சொல்லவில்லை. வரும், ஆனால் அதுவும் ஐந்து, பத்து நிமிடம்தான்.

யாரும் எனக்குச் சொல்லித் தராததும், நான் அதிகம் வலியுறுத்த விரும்புவதும் தேநீர் பற்றியது. சிகரட்டை விட்டதும் பிளேன்டியைக் கூட்டிக்கொள்வது எங்கள் பொடியன்மாரின் வழமை. வாய்க்கு ஏதோ ஒன்று வேண்டும் அல்லவா? ஆனால் புகையிலுள்ள சில பொருள்கள் ஈரலின் ஒரு நொதியத்தைத் தூண்டிவிட்டிருப்பதால், புகைக்கிறவரின் உடல் கஃபீனை வேகமாக வெளியேற்றுகிறது. புகைப்பதை நிறுத்திய சில நாள்களில் அந்த வேகம் குறைந்துவிட, முன்னர் குடித்த அதே அளவு தேநீர் இரத்தத்தில் அதிக நேரம் தங்குகிறது. எனக்கு மார்பு படபடத்து, விரல் நடுங்கி, சாமத்தில் கண் கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்ததற்கெல்லாம் சிகரட் இல்லாததே காரணம் என்று நம்பியிருந்தேன். மாலைத் தேநீரை நிறுத்தி, பகல் தேநீரைப் பாதியாக்கிய பிறகு தூக்கம் திரும்பியது. சிகரட் இல்லாமல் தூங்க முடியவில்லை என்று சொல்லி மீண்டும் தொடங்குகிறவர்கள் முதலில் தேநீர்க் கோப்பைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். தொய்வுக்கு (ஆஸ்துமாவுக்கு) தியோபிலின் குளிசை எடுக்கிறவர்களும், மனநலச் சிகிச்சையில் குளோசபின் எடுக்கிறவர்களும், தாம் புகைப்பதை நிறுத்துவதை வைத்தியரிடம் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அந்த மருந்துகளின் அளவும் இதே காரணத்தால் இரத்தத்தில் ஏறக்கூடும்.

வீட்டைப் பற்றி எழுதுவது சற்றுச் சங்கடமானது. குடும்பத்தவரிடம் சொல்லி அவர்களுடைய ஆதரவைப் பெறுங்கள் என்று எல்லா ஆலோசனைகளும் சொல்கின்றன. எங்கள் வீடுகளில், கலியாணமாகாத ஆண்பிள்ளை புகைப்பது எல்லோருக்கும் தெரிந்தும் யாருக்கும் தெரியாத விடயம். அம்மாவுக்குச் சட்டையின் மணம் தெரியும், ஆனால் கேட்கமாட்டார். எனக்கும் அவருக்குத் தெரியும் என்று தெரியும், ஆனால் சொல்லமாட்டேன். இல்லாத பழக்கத்தை எப்படி விட்டதாகச் சொல்வது? அந்த நாள்களில் நான் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்ததையும், தம்பியோடு தேவையில்லாமல் கொளுவியதையும் பார்த்த அம்மா, எனக்கு ஏதோ காத்துக் கறுப்புப் பட்டுவிட்டதென்று கோயிலில் நூல் ஓதிக் கொண்டுவந்தார். கட்டிக்கொண்டேன், குற்றமில்லை.

கடைசியில் அக்காவிடம்தான் சொன்னேன். களுவாஞ்சிகுடியில் கலியாணம் கட்டிப்போன அக்காவுக்கு ஒரு மாலை அழைப்பெடுத்து, கேட்டுக்கொள் என்று மட்டும் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ஏசவில்லை, பின்னேரம் ஐந்தரைக்கு ஒவ்வொரு நாளும் தானே எடுப்பதாகச் சொன்னார். வேலை முடிந்து கடைச்சந்தியைக் கடக்கிற நேரம் அதுதான். அந்த அழைப்புகளில் சிகரட்டைப் பற்றி நாங்கள் பேசியது குறைவு. மருமகளின் பள்ளிக்கூடம், நெல்விலை, அத்தானின் மோட்டார் சைக்கிள் என்று பேசிக்கொண்டே சந்தியைத் தாண்டிவிடுவேன். ஆதரவு என்று எல்லோரும் சொல்வதன் நடைமுறை வடிவம் எனக்கு இதுதான்: முழுக் குடும்பத்துக்கும் அறிவிக்கத் தேவையில்லை, ஆபத்தான நேரம் எது என்று தெரிந்த ஒருவர் அந்த நேரத்தில் பேச்சுத் துணைக்கு இருந்தால் போதும்.

சிகரட்டின் இடத்துக்கு வெற்றிலையைக் கொண்டுவர வேண்டாம். எங்கள் ஊரில் இது இலேசாக நடக்கக்கூடியது. எந்த வீட்டுக்குப் போனாலும் வட்டாவில் வெற்றிலையை நீட்டுவது மரியாதை, போயிலை சேர்க்காவிட்டால் தீங்கில்லை என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. பாக்குத் தனியாகவே புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. இலங்கை ஆண்களிடம் வாய்ப்புற்றுநோய் அதிகமாகக் காணப்படுவதற்கு இந்தப் பழக்கமும் பெருங்காரணம். வட்டாவைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வைத்தாலும் மரியாதை குறையாது.

முதல் சில வாரங்களைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். எனக்குப் பெரிய சோதனை வந்தது பல மாதம் கழித்து, உடலில் எந்தத் தொல்லையும் இல்லாத நேரத்தில். உறவினர் ஒருவரின் மரண வீட்டில் இரவு முழுவதும் விழித்திருந்தோம். பந்தலுக்குள் 304 சீட்டு விளையாட்டு நடந்தது. தட்டில் வெற்றிலையோடு சிகரட்டும் வைத்திருந்தார்கள். என் கையில் நல்ல சீட்டு, பக்கத்தில் பள்ளிக்கூடத்துச் சினேகிதன், அவன் இழுத்துவிட்டுப் பாதியை என் பக்கம் நீட்டி, "ஒரு இழுவைதான் மச்சான், மறுகா தா" என்றான். அந்த நேரம் என் மனம் சொன்னது ஏக்கத்தின் பேச்சாக இல்லை. "நீதான் விட்டுவிட்டாயே, இனி ஒன்றால் என்ன ஆகப்போகிறது?" என்று நிதானமாகச் சொன்னது. தீமிதித்து முடித்தவன் மறுநாள் கடைக்குப் போகிற அதே நியாயம். "விட்டாச்சு" என்ற நினைப்பே மனத்துக்கு ஒரு முடிவுத் திகதியாகிவிடுகிறது என்பதை அந்தப் பந்தலுக்குள் கண்டுகொண்டேன். "நான் விரதம்" என்றேன். "எப்ப முடியிற?" என்றான். "இன்னும் குறிக்கல்ல" என்றேன். அவன் சிரித்துவிட்டுத் துருப்பை இறக்கினான்.

அதன்பிறகு யாரிடமும் நான் விட்டுவிட்டேன் என்று சொல்வதில்லை. சிகரட் குடிக்கிறதில்லை என்று மட்டும் சொல்கிறேன். ஓர் இழுவைகூட இல்லை என்ற விதி கடுமையானது போலத் தோன்றும், ஆனால் நடைமுறையில் அதுவே இலகுவானது, ஏனெனில் ஒவ்வொரு தடவையும் புதிதாக யோசித்து முடிவெடுக்கத் தேவையில்லை. யாராவது இடையில் வழுக்கிவிட்டால், அதை அந்த இரவோடு நிறுத்திக்கொண்டு மறுநாளே தொடரலாம். அடுத்த தைப்பொங்கலுக்கு என்று நாள் குறிப்பதுதான் கெடுதல். உடம்பு சற்று ஊதும். முதலாண்டில் நாலைந்து கிலோ கூடுவது சாதாரணம். மாலையில் கல்லடிக் கடற்கரைப் பக்கம் ஓடத் தொடங்கினேன், மூச்சு இழுக்காமல் ஓட முடிவதைப் பார்த்தபிறகு எடையைப் பற்றிக் கவலைப்படவில்லை. காசைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், சிகரட் விற்கிற விலை எல்லோருக்கும் தெரியும்.

இந்த வழி எல்லோருக்கும் சரிவரும் என்று நான் சொல்லவில்லை. எழுந்து அரை மணித்தியாலத்துக்குள் முதல் சிகரட் வேண்டும் என்ற நிலையில் உள்ளவர்களின் உடல் நிக்கொட்டினில் ஆழமாகத் தங்கியிருக்கிறது. அவர்கள் நிக்கொட்டின் சுவிங்கம், ஒட்டு போன்ற உதவிகளைப் பற்றி வைத்தியரிடம் பேசுவது நல்லது. அந்த உதவிகள் வெற்றிக்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன என்பது பல ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது, அவற்றை எடுப்பது கோழைத்தனமும் அல்ல. தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகாரசபையின் 1948 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் ஆலோசனை கேட்கலாம். படுவான்கரையில் இருக்கிற என் பெரியமாமா அப்படிப்பட்டவர்; கண் விழித்ததும் பாயிலிருந்தபடியே பீடியைப் பற்றவைப்பார். நான் விட்டதைக் கேள்விப்பட்டு, "எனக்கும் சொல்லித் தா மனே" என்றார். அவருக்குக் கொங்கிறீட் கதையைச் சொல்லாமல், அடுத்த கிளினிக் நாளில் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறேன்.